மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும்

ஒரு பெண்ணின் நல்ல பெயரை நான் அழித்தேன். எப்படி அழியும் என்று முன்கூட்டியே யோசித்து எழுதினேன், எழுதியதற்குப் பாராட்டும் வாங்கினேன். பிறகு அவர் ஊரார் முன்னிலையில் என்னைப் பார்த்து, எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் உண்மையைச் சொல்லும்படி கேட்டார். தெரியாது என்றேன். முதலாவதைவிட இரண்டாவதுதான் பெரிய பாவம் என்பது என் மனைவியின் கருத்து. எனக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அரசுக் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வீடு பெரம்பலூரில். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் உட்காரப் பிடிக்காமல், என் பழைய மாணவர் ஒருவர் சென்னையில் நடத்திய சிறிய நிறுவனத்துக்குக் கள அறிக்கை எழுத ஆரம்பித்தேன். முதலீடு செய்கிறவர்கள், கடன் கொடுக்கும் வங்கிகள், காப்பீட்டுக்காரர்கள், பெரிய வழக்கறிஞர்கள் எங்கள் சந்தாதாரர்கள். ஒரு பகுதியில் அரசியல் எப்படி இருக்கிறது, எங்கே போராட்டம் வரும், எங்கே வராது, யார் சொன்னால் யார் கேட்பார்கள் என்பதை நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். நாளிதழைப் படித்துவிட்டு அறையில் உட்கார்ந்து கணிக்கிறவர்கள் நாங்கள் இல்லை என்பதில் எங்களுக்குக் கர்வம் இருந்தது. எந்தக் கட்சிக்கும் எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாதவர்கள் என்றும் சொல்லிக்கொள்வோம். சந்தா கட்டியவர் யாராக இருந்தாலும் போவது ஒரே அறிக்கைதான். ஆகவே என் கை சுத்தம் என்று உண்மையாகவே நம்பினேன்.

யார் பெயரையும் எழுதக் கூடாது என்று ஒரு விதியும் வைத்திருந்தோம். பெயருக்குப் பதிலாக, நடுவயதுப் பெண், மகளிர் குழுத் தலைவி, காலனித் தெரு, மகன் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி என்று எழுதுவோம். இரண்டே தெரு உள்ள ஊரில் அப்படி ஒருத்தர்தான் இருப்பார் என்பது சென்னையில் உட்கார்ந்து விதி வகுத்த என் மாணவருக்குத் தெரியாமல் போயிருக்கலாம். எனக்குத் தெரியும். தெரிந்தும், பெயரை எழுதவில்லை என்ற திருப்தியோடு ஒவ்வொரு அறிக்கையையும் அனுப்பினேன்.

என் வேலை முறையையும் சொல்லிவிட வேண்டும். புதிய ஊருக்குப் போனால் டீக்கடைக்கோ பஞ்சாயத்து அலுவலகத்துக்கோ நான் போவதில்லை. அங்கே எல்லாரும் தயாராகப் பேசுவார்கள். துக்க வீடு எங்கே என்று விசாரித்துக்கொண்டு, டவுனில் ஒரு மாலை வாங்கிக்கொண்டு போவேன். துக்க வீட்டில் மாலையோடு வருகிறவரை யாரும் நீங்கள் யார் என்று கேட்பதில்லை. இறந்தவரின் வெளியூர் உறவு, கூட வேலை பார்த்தவர் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போடுவார்கள். அங்கே உட்கார்ந்தால் யார் வந்தார்கள், யார் வரவில்லை, வந்தவர்களில் யார் தெருமுனையிலேயே நின்றுவிட்டார்கள் என்பதெல்லாம் கண்முன்னால் தெரியும். ஊரின் பிளவுகள் அத்தனையும் ஒரே மதியத்தில் கைக்கு வந்துவிடும். இந்த உத்தியை இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அவர்கள் கண் விரியும். எனக்கு அது பிடிக்கும்.

அப்படித்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அரியலூருக்குக் கிழக்கே, சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப் போய்ச் சாலையோர மரங்களெல்லாம் வெளுத்துக் கிடக்கும் ஒரு தடத்தில் இருந்தது அந்த ஊர். புதிதாக ஒரு சுரங்கம் தோண்ட ஒரு சிமெண்ட் நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. அனுமதி தரும் முன் அதிகாரிகள் ஊராரைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். ஊர் எதிர்த்தது. எதிர்ப்பு எவ்வளவு உறுதியானது என்று எங்கள் சந்தாதாரர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஊர்த் தெருவில் ஒரு பெரியவர் இறந்திருந்தார். நிலபுலம் உள்ள குடும்பம். அந்த வீட்டின் உள்ளே நின்று, காலனியிலிருந்து வந்த ஒரு பெண், அழுதுகொண்டிருந்த மருமகள்களை அதட்டிக்கொண்டிருந்தார். "அழுவுறத அப்பறம் அழுவலாம், மொதல்ல அந்தப் புள்ளைக்கு எதாச்சும் குடிக்கக் குடு, காலையிலேர்ந்து வெறும் வயித்தோட கெடக்கு." மருமகள் எழுந்து போனாள். அப்படி ஒரு காட்சியை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. நூறு நாள் வேலையில் இரண்டு தெருப் பெண்களையும் ஒரே குழுவாக்கி ஏரி வாய்க்காலைத் தூர் வார வைத்தவர் அவர் என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார். போன வருஷம் ஒரே வேனில் இரண்டு தெருப் பெண்களையும் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தாராம். "ஒரே வேன்லங்க. எங்க அம்மா அந்த வேன்ல ஏறும்னு நான் நெனச்சதே இல்ல" என்றார்.

கிணற்றுத் தண்ணீர் போய்விடும் என்று ஊர்த் தெரு பயந்தது. ஏரியும் ஆடு மேய்க்கும் இடமும் போய்விடும் என்று காலனி பயந்தது. இரண்டு பயத்தையும் ஒன்றாகக் கட்டிவைத்திருந்தவர் அவர். நான் மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். பேராசிரியர், சுரங்கத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். பொய் இல்லை.

அதற்குப் பிறகு பல தடவை போனேன். ஒரு நாள் வெயில் ஏறிய நேரம். "எங்க வூட்ல சாப்புடுவீங்களா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அந்தப் பக்கத்தில் ஓர் எடை உண்டு. சாப்பிடுவேன் என்றேன். கருவாட்டுக் குழம்பு. தட்டை வழித்துச் சாப்பிட்டேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. என்னைப் பெரிய மனிதன் என்று நினைத்தார். ஒரு வீட்டில் சாப்பிட்ட பிறகு அந்த வீட்டில் பேச்சு தானாக வரும் என்பதற்காகவே நான் எந்த வீட்டிலும் சாப்பிடுவேன்.

பேச்சு வந்தது. ஒரே மகன். அதே நிறுவனத்தின் பழைய ஆலையில் மூட்டை ஏற்றும் பகுதியில் வேலை. பல வருடமாக காண்ட்ராக்ட்தான். அந்தப் பக்கத்தில் பெர்மனென்ட் என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பு வேறு எந்தச் சொல்லுக்கும் கிடையாது. நிலம் கொடுத்தவர்களே வீட்டுக்கு ஒரு பெர்மனென்ட் கிடைக்கும் என்று காத்துக் கிடந்து ஏமாந்தவர்கள்.

"எம் மவன் நல்ல வேலக்காரன் சார். சூப்பர்வைசரே சொல்லியிருக்காராம், கேட்டுப் பாருடா ஆயிடும்னு. நாந்தான் வேணாம்னுட்டேன். இந்தச் சண்ட முடியட்டும், அதுவரைக்கும் அந்த ஆபீஸ் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். நம்ம ஊரு எப்புடின்னு உங்களுக்குத் தெரியாது சார். மிதிச்சாலே போதும், வித்துட்டான்னு சொல்லிருவாங்க."

எனக்குத் தெரியும். அவர் வாயால் கேட்டதும் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

எங்கள் அறிக்கையில் எதிர்ப்பு எதனால் குலையும் என்று ஒரு பகுதி உண்டு. சந்தாதாரர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான். யோசனை சொல்வது எங்கள் வேலை இல்லை. ஆபத்து எது, அது எதனால் கூடும், எதனால் குறையும் என்று மட்டும் சொல்வோம். இந்த வேறுபாட்டைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசுவேன். அந்தப் பகுதியில் ஆங்கிலத்தில் நான் எழுதியதன் தமிழ் இது: இந்தப் பெண்ணை விலைக்கு வாங்க முயன்றால் எதிர்ப்பு இறுகும். ஆனால் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன் அவருடைய மகனின் வேலை நிரந்தரமாகுமானால், எந்த நிபந்தனையும் இல்லாமல் ஆகுமானால், இரு தெருக்களின் ஒற்றுமை நிலைப்பது கடினம். அவர் எதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டியதே இல்லை. மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும்.

கடைசி வரியை எழுதிவிட்டுத் திரும்பத் திரும்பப் படித்தேன். நன்றாக வந்திருந்தது. என் மாணவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "சார், அந்த ஒரு வரி போதும் சார். வேற யாராலயும் இத எழுத முடியாது" என்றார். அன்று மாலை மனைவிக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கூட்டத்துக்குச் சில நாள் இருக்கும்போது நிறுவனத்தின் கார் ஊருக்குள் வந்தது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கும் அரிசிக்கும் இரண்டு தெருவும் நின்ற நேரம். அதிகாரி ஒருவர் இறங்கி, அந்த வரிசையிலேயே அவர் வீடு எது என்று விசாரித்தார். வீட்டில் அவர் இல்லை. மகன் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பி, வாசலில் நிற்க வைத்து, பணி நிரந்தர உத்தரவையும் ஒரு ஸ்வீட் பெட்டியையும் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எதையும் கேட்கவில்லை, எதையும் சொல்லவில்லை. மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்களாம். எந்தச் சந்தாதாரர் வழியாக அறிக்கை அவர்களிடம் போயிருந்தாலும், என் எழுத்தை வரிக்கு வரி பின்பற்றியிருந்தார்கள்.

அந்தப் பெண் எனக்குப் போன் செய்தார். 

"சார், இப்புடி வந்து குடுத்துட்டுப் போயிருக்காங்க. நாங்க கேக்கவே இல்ல சார். அவன்கிட்ட திருப்பிக் குடுத்துடுடான்னேன். எத்தன வருசம் மூட்ட தூக்குனேன், எனக்குக் குடுத்தா உனக்கு ஏன் வயிறு எரியுதுங்குறான். ஊருல இப்பவே பேச ஆரம்பிச்சிட்டாங்க. நான் ஆபீசுக்கே போயி மூஞ்சியில விட்டெறிஞ்சிட்டு வந்துடவா? அப்ப நம்புவாங்கதான?"

நம்பியிருப்பார்கள். அன்றே போய் எறிந்திருந்தால் ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்திருக்கும். அது எனக்குத் தெரிந்தது. "அவசரப்படாதீங்கம்மா. பையன் வாழ்க்கை. கூட்டம் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றேன். என் கணிப்பு பலிக்கிறதா என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. வேறு எந்தக் காரணமும் இல்லை. பணம்கூடக் காரணம் இல்லை.

"சரிங்க சார். நீங்க சொன்னா சரி" என்று வைத்துவிட்டார்.

கூட்டம் ஊருக்கு வெளியே பந்தல் போட்டு நடந்தது. அதிகாரிகள் மேடையில் இருந்தார்கள். போலீஸ் நின்றது. ஒருவர் பின் ஒருவராக மைக்கில் வந்து பேசினார்கள். நான் பின்வரிசையில், அடுத்த அறிக்கைக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து மைக்கைப் பிடித்தார். "எல்லாருக்கும் வணக்கம்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஊர்த் தெருப் பக்கத்திலிருந்து ஒரு நடுவயதுக்காரர் எழுந்தார். கைலியை மடித்துக் கட்டியிருந்தார்.

"பெர்மனென்ட்டம்மா பேசப் போறாங்க, எல்லாரும் கை தட்டுங்கப்பா."

சிரிப்பு. காலனிப் பக்கத்திலும் சிரிப்பு.

"நான் கேக்கலங்க. எம் மவனும் கேக்கல" என்றார் அவர்.

"கேக்காமதான் வூடு தேடி வந்து குடுத்தானா? எங்க வூட்டுக்கு ஏன் வரல? ரெண்டு ஏக்கரு நெலம் குடுத்தும் எங்க வூட்டுப் புள்ளைக்கு வரலையே, எங்க அட்ரஸ் தெரியாதா அவனுக்கு?"

குழுவில் அவர் பக்கத்திலேயே உட்காரும் ஒரு பெண், தலையைக் குனிந்தபடியே சொன்னாள். "எங்கள வேன்ல ஏத்திட்டுப் போனது இதுக்குத்தானாக்கா?"

அவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். என்னைக் கண்டுபிடித்தார். முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். "அதோ சார் இருக்காரு. படிச்சவரு, பொதுவானவரு. அவருகிட்ட முன்னாடியே எல்லாம் சொல்லியிருக்கேன். சார், சொல்லுங்க சார். நான் எம் மவன ஆபீஸ் பக்கம் போவக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

எல்லாரும் திரும்பினார்கள். மேடையில் இருந்தவர்களும் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் நான் யார், எதற்காக அவரிடம் பேசினேன், எங்கே எழுதினேன் என்று அடுத்தடுத்த கேள்விகள் வரும். அதைத்தான் யோசித்தேன்.

"நான் வெளியூருங்க. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. மைக்கை அதன் கம்பியில் மாட்டப் பார்த்தார். அது சரியாக உட்காரவில்லை. இரண்டு மூன்று முறை முயன்றார். கைலிக்காரர் வந்து அதை வாங்கிக்கொண்டார்.

ஊர்த் தெருவும் காலனியும் அன்று மேடைக்கு முன்னாலேயே சண்டை போட்டுக்கொண்டன. எதிர்ப்பு என்று பதிவானது சொற்பம். சுரங்கத்துக்கு அனுமதி கிடைத்தது. எங்கள் முந்தைய மதிப்பீடு உறுதியாகியுள்ளது என்று அடுத்த அறிக்கையைத் தொடங்கினேன். புதிய சந்தாதாரர்கள் வந்தார்கள்.

அவருக்கு நடந்ததை நான் பிறகு துண்டுதுண்டாகத் தெரிந்துகொண்டேன். மகளிர் குழுவிலிருந்து விலக்கினார்கள். நூறு நாள் வேலைக்குப் போனால் அவர் மண்வெட்டி போட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தள்ளிப் போய் நின்றார்கள். சிறுபிள்ளைகள்கூட பெர்மனென்ட்டு என்று கூப்பிட்டார்கள். காலையில் கதவைத் திறந்தால் நிலையில் ஒரு காலி சிமெண்ட் சாக்கு தொங்கும். எடுத்துப் போட்டால் மறுநாள் இன்னொன்று. யார் மாட்டினார்கள் என்று அவர் விசாரிக்கவில்லையாம். மடித்து மடித்து வீட்டுக்குப் பின்னால் அடுக்கி வைத்தாராம். மகன் திருமணமாகி அரியலூர் டவுனுக்குப் போய்விட்டான். மாமியார் ஊரில் தலைகாட்ட முடியாது என்று மருமகள் சொல்லிவிட்டாள்.

நான் ஏன் மனம் மாறினேன் என்பதை உயர்வாகச் சொல்ல ஆசைதான். நடந்தது இவ்வளவுதான். சில வருடம் கழித்துச் சென்னையில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். அந்த அறிக்கையைத்தான் முன்மாதிரியாக வைத்திருந்தார்கள். நான் பேசி முடித்ததும் ஒரு பெண் கேட்டாள், "அந்த அம்மா இப்ப எப்படி இருக்காங்க சார்?" நான் அதுவரை விசாரித்ததே இல்லை. என் மாணவர் சிரித்துக்கொண்டே, "அது நம்ம ஸ்கோப்ல வராதும்மா" என்றார். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரயிலில் வந்து அரியலூரில் இறங்கி பஸ்ஸுக்கு நிற்கும்போது, நான் சிரித்தது நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. அதற்குப் பிறகு நான் அறிக்கை எழுதவில்லை. ஊருக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

குடியரசு நாள் கிராம சபைக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். முன்கூட்டியே அவரிடம் போய்ச் சொல்லவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் அந்த மன்னிப்புக்கு உரியவரிடம் அனுமதி கேட்கவில்லை. ஒரு களப்பணிக்குத் திட்டம் போடுவதுபோலவே இதற்கும் போட்டேன்.

பள்ளிக்கூட மரத்தடியில் கூட்டம். அவர் பெண்கள் வரிசையில், பின்னால் உட்கார்ந்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. பக்கத்தில் ஒருத்தி அவர் தோளில் சாய்ந்து ஏதோ கிசுகிசுத்தாள், இருவரும் சிரித்தார்கள். அதைப் பார்த்தபோதே நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். ஊர் மெல்ல மெல்ல மறந்துகொண்டிருந்தது என்பதற்கு அதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? துக்க வீட்டில் யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பதை வைத்து ஊரையே எடைபோட்டவன் நான். அன்று அதைக் கண்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. என் பாரத்தை இறக்கி வைப்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது.

பேச அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள். நான் யார் என்று சொன்னேன். அறிக்கையின் அந்தப் பக்கத்தைத் தமிழில் வரி வரியாகச் சொன்னேன். இந்த அம்மா எதையும் கேட்கவில்லை, மகனைப் போகக்கூடாது என்று தடுத்தவர் இவர், வேலை வந்ததற்குக் காரணம் நான் எழுதியது என்றேன். அன்று பந்தலில் தெரியாது என்று சொன்னது பொய் என்றேன். குரல் உடைந்தது. உடைய வேண்டும் என்று நான் நினைத்திருந்த இடத்தில்தான் உடைந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

 கைலிக்காரர்தான் ஆரம்பித்தார். இப்போது அவர் வேட்டி கட்டியிருந்தார், ஊரில் மதிப்பும் ஏறியிருந்தது.

"அப்ப ஊரு சமாச்சாரமெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னது?"

"பல பேரு. இவங்களும் சொன்னாங்க. ஆனா..."

"மவன் வேல சமாச்சாரம்?"

"அது இவங்க சொன்னதுதான். ஆனா தப்பான எண்ணத்துல இல்ல, நம்பிக்கையில..."

"இவங்க வூட்ல எத்தன தடவ வந்து ஒக்காந்தீங்க?"

"பல தடவை. சாப்பிட்டும் இருக்கேன்."

பெண்கள் வரிசையில், கொஞ்ச நேரத்துக்கு முன் அவர் தோளில் சாய்ந்திருந்தவள் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். இன்னொருத்தி சொன்னாள். "கம்பெனிக்கு எழுதுறவர ஒக்கார வச்சு சோறு போட்டிருக்கு. நாம என்னமோ கம்பெனிக்காரந்தான் வந்து குடுத்தான்னு நெனச்சோம். இது இங்கேர்ந்துல்ல போயிருக்கு."

"அவங்களுக்கு நான் யாருன்னு தெரியாதுங்க" என்று கத்தினேன்.

"தெரியாதவங்ககிட்ட ஊர்க்கதைய ஏன் சொல்லணும்?" என்றார் வேட்டிக்காரர், மிகவும் நிதானமாக.

அந்த அம்மா எழுந்தார். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். மெதுவாகத்தான் பேசினார்.

"அன்னிக்கு அத்தன பேரு மத்தியில கேட்டேன், வாயத் தொறக்கல. இன்னிக்கு யாரு கேட்டா உங்கள?"

நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"கைய எறக்குங்க. இதையும் பாத்துட்டு ஒண்ணு சொல்லுவாங்க" என்றார். வீட்டுப் பக்கம் நடந்தார். யாரும் கூடப் போகவில்லை.

அந்த வாரமே மகன் பெரம்பலூருக்கு என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நல்லா வேல பாத்ததுக்குத்தான் குடுத்தாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன் சார். அதச் சொல்லித்தான் அம்மாகிட்ட இத்தன வருசம் சண்ட போட்டேன். இப்ப பிளாண்ட்ல எல்லாரும், எலிப்பொறியில வச்ச கருவாடுங்குறானுங்க. வேலையையும் விட முடியல. லோன் இருக்கு, புள்ள படிக்குது." என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு, அம்மாவைப் பார்க்கப் போனதாகவும், கதவைத் திறக்கவில்லை என்றும் சொன்னான். உள்ளே இருந்துகொண்டே, போடா, என்னோட பேசினால் உனக்கும் ஏதாவது ஆகும் என்றாராம்.

நான் எழுத்துமூலம் வாக்குமூலம் தருகிறேன், நாளிதழில் வரச் செய்கிறேன் என்று அவருக்கு ஒருவர் மூலம் சொல்லி அனுப்பினேன். இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று பதில் வந்தது. அவருக்குச் சொல்லாமல் இன்னும் ஏதாவது செய்யப் போகிறீர்களா என்று மனைவி கேட்டாள். இல்லை என்றேன். இதை எழுதுவது செய்வதில் சேருமா என்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் காலையில் கதவு தட்டப்பட்டது. வேட்டிக்காரர். பந்தலில் பெர்மனென்ட்டம்மா என்று கூப்பிட்டவர். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பிளாஸ்டிக் கவரும். என்னைத் திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து, ஏறக்குறைய நிம்மதியோடு உள்ளே கூப்பிட்டேன். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கவரை நீட்டினார். உள்ளே அவர் மகனுடைய சான்றிதழ்கள்.

"டிப்ளமோ முடிச்சிருக்கான் சார். காண்ட்ராக்ட்லதான் கெடக்கான். நீங்க ஒரு வரி எழுதுனா பெர்மனென்ட் ஆயிடுதுன்னு கூட்டத்துல சொன்னீங்கள்ல. நம்ம பையனப் பத்தியும் ஒரு வரி எழுதிருங்க."

"நான் அதுக்காகச் சொல்லலீங்க. அது ஒரு பெரிய அநியாயம்னுதான் சொன்னேன்."

"இருக்கட்டும் சார். அநியாயமோ நியாயமோ, அந்தம்மா மவனுக்கு ஆயிடுச்சுல்ல?" பழத்தை மேசையில் நகர்த்தி வைத்தார். "அந்தம்மா கெட்டிக்காரி. யாரப் புடிச்சா காரியம் நடக்கும்னு அப்பவே கண்டுபுடிச்சு, ஒக்கார வச்சு சோறு போட்டிருக்கு பாருங்க. நாங்க முட்டாப் பயலுவ, கோசம் போட்டுக்கிட்டுத் திரிஞ்சோம்."

"அவங்க கேக்கவே இல்லீங்க. ஒரு தடவைகூடக் கேக்கல."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எதிரியைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு இல்லை. விஷயம் தெரிந்த இருவர் பகிர்ந்துகொள்ளும் சிரிப்பு.

"நீங்க அப்புடித்தான சார் சொல்லணும்" என்றார்.

ஊர் முழுக்க இப்போது இப்படித்தான் பேசுகிறார்களாம். அவரே சொன்னார். யாருக்கும் அந்த அம்மாமேல் கோபம்கூட இல்லையாம்.